அப்பாவும் பெல்லட் பர்னரும்



சென்னையில் வீட்டைச் சூடாக்க ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்வோம்? அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்போம். நமக்குச் சித்திரை, வைகாசியில் சூரியனே அந்த வேலையை இலவசமாகச் செய்து தருகிறான். ஆனால் சுவீடன், ஆஸ்திரியா போன்ற பனி நாடுகளில் வீட்டைச் சூடாக்கவே பாய்லர் வைக்கிறார்கள். அதில் காயும் வெந்நீர் குழாய் வழியாக அறை அறையாகச் சுற்றி வந்து வீட்டைக் கதகதப்பாக வைக்கிறது. 1973-ல் பெட்ரோலிய விலை தாறுமாறாக ஏறிய பிறகு எண்ணெய்க்கு மாற்றுத் தேடிய அந்த நாடுகளில், காலப்போக்கில் 'பெல்லட் பர்னர்' என்ற கருவி பரவியது.

அந்தக் கருவியின் தம்பி ஒருவன் நம் தியாகராய நகரில், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் இருக்கிறான். அவனைக் கட்டி மேய்ப்பது என் அப்பாவின் வேலை. நான் படித்த தெர்மல் என்ஜினீயரிங் எனக்குப் புரிந்தது வகுப்பில் பாதி என்றால், மீதிப் பாதி அந்தப் பின்கட்டில்தான்.

அப்பா மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த மண்டபத்தில் வெந்நீர் போடுவது அவர்தான். முகூர்த்தம் நாலரை ஆறு என்றால், மூன்றரை மணிக்கெல்லாம் எல்லா ரூம் குழாயிலும் வெந்நீர் வர வேண்டும். வராவிட்டால் சம்பந்தி சண்டை அங்கேயே ஆரம்பம்! அதற்காக அப்பா ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து சவுக்குக் கட்டையை அடுக்கி அடுப்பு மூட்டுவார்.

வெந்நீர் போடுவது எங்களுக்குப் பரம்பரைத் தொழில் என்றுகூடச் சொல்லலாம். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு வீட்டில் என் பாட்டி வேலை செய்தார். அந்த வீட்டுப் பின்கட்டில் செம்பு பாய்லர் ஒன்று இருந்ததாம். நடுவில் புகைக்குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கரியும் கொட்டாங்கச்சியும் போட ஒரு தட்டு. மேலே ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குழாயில் ஒரு குடம் வெந்நீர் வரும். யோசித்துப் பாருங்கள், நம் பாடத்தில் வரும் 'ஃபயர் டியூப்' பாய்லரும் அதுவும் தத்துவத்தில் ஒன்றேதான்!

சில வருடங்களுக்கு முன் மண்டபத்தைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் வந்தன. விறகுப் புகை ஜன்னலில் நுழைகிறது என்று புகார் மேல் புகார். மண்டபத்துக்காரர்கள் விறகு அடுப்பை எடுத்துவிட்டு, பாய்லருக்குப் பெல்லட் பர்னர் மாட்டினார்கள். பெல்லட் என்பது மரத்தூள், கடலைத்தோல் போன்றவற்றை உலர்த்தி, மிகுந்த அழுத்தத்தில் அச்சுத் துளை வழியாகத் தள்ளிச் செய்யும் சின்னக் குச்சிகள். தடிமன் பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர். முதல் மூட்டையைப் பிரித்ததும் அப்பா சொன்னார்: "இன்னாடா இது, கோழித் தீனி மாறி கீது!"

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சியை வைத்து 'ஊர்ஜா' என்ற சின்ன பெல்லட் அடுப்பை பி.பி. நிறுவனம் 2006-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடியில் சின்ன ஃபேன் வைத்த அடுப்பு. தமிழ்நாட்டிலும் விற்றது. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயும், பெல்லட் விலை ஏறியதும் பலர் அதை மூலையில் போட்டுவிட்டார்கள். அடுப்பு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குத் தீனி கட்டுப்படியாகவும் வேண்டும் என்பது அந்தக் கதையின் பாடம்.

நம் மண்டபத்துக் கதைக்கு வருவோம். பர்னரை மாட்டிய கம்பெனி ஆள் பட்டனைத் தட்டி ஓடவிட்டுக் காட்டினார், ஆங்கிலத்தில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார், போய்விட்டார். சென்ற ஐப்பசியில் மழையோடு முகூர்த்தங்களும் வந்தன. கரும்புகை! ஆயிரம் லிட்டர் தண்ணீர் சுட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பர்னர் கிண்ணத்தில் கல் கல்லாகக் கட்டி. கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டும் ஆள் வரவில்லை. கடைசியில் மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, "தை முகூர்த்தத்துக்குள்ள இது சரியாகலைன்னா ரூமுக்கு ரூம் கரண்ட் ஹீட்டர் போட்டுடுவோம்பா" என்றார். ஹீட்டர் போட்டால் பாய்லர் வேண்டாம். பாய்லர் வேண்டாம் என்றால் அப்பாவும் வேண்டாம். என் செமஸ்டர் ஃபீஸ் எங்கிருந்து வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல வேளை, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஒரு மாதம் எங்களுக்குக் கிடைத்தது. மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கல்லூரி விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன்.

முதலில் கருவியைப் பார்த்துக்கொள்வோம். மேலே பெல்லட் கொட்டும் தொட்டி. அதிலிருந்து சுழலும் ஸ்க்ரூ ஒன்று பெல்லட்டை மேலே தள்ளி, ஒரு குழாய் வழியாகப் பர்னர் கிண்ணத்தில் போடுகிறது. கிண்ணத்தில் துளைகள். ஃபேன் காற்றை அடிக்கிறது. அடித்துளைக் காற்று பெல்லட்டைச் சுட்டு வாயுவாக்குகிறது, மேல் துளைக் காற்று அந்த வாயுவை எரிக்கிறது. தீ நாக்கு பாய்லருக்குள் நீள்கிறது. ஆக, நம் கையில் இருப்பவை இரண்டே இரண்டு: எவ்வளவு தீனி, எவ்வளவு காற்று. மற்றதெல்லாம் சுத்தம்.

தீனியை எப்படி அளப்பது? புத்தகத்தில் வழி இருந்தது. குழாயைப் பர்னரிலிருந்து கழற்றி, அடியில் ஒரு வாளி வைத்து, ஆறு நிமிடம் ஸ்க்ரூவை ஓட்ட வேண்டும். விழுந்ததை எடை போட்டுப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக் கணக்கு. மண்டபத்துச் சமையல் தராசில் போட்டோம். 1.8 கிலோ! அதாவது மணிக்கு 18 கிலோ. பெல்லட் ஒரு கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி என்றால் 72,000 கிலோகலோரி. பர்னரின் பெயர்ப்பலகையில் இருப்பதோ 60 கிலோவாட், அதாவது சுமார் 51,600 கிலோகலோரி. பசிக்கு மேல் ஊட்டினால் குழந்தை கக்காமல் என்ன செய்யும்?

ஸ்க்ரூ 6 விநாடி ஓடி 6 விநாடி நிற்கும்படி வைத்திருந்தார்கள். அதை 4 விநாடி ஓட்டம், 8 விநாடி ஓய்வு என்று மாற்றினேன். மறுபடி வாளி, மறுபடி தராசு. 1.2 கிலோ. மணிக்கு 12 கிலோ, 48,000 கிலோகலோரி. பெயர்ப்பலகைக்குள் அடங்கிவிட்டது.

அடுத்தது காற்று. ஒரு கிலோ மரம் முழுதாக எரியச் சுமார் 6 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதற்கு மேல் பாதி கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் எல்லாக் காற்றும் எல்லா வாயுவையும் சந்தித்துவிடாது. குறைந்தால் புகையும் கரியும். கூடினாலும் நஷ்டம்தான்: வெப்பத்தைக் காற்றே புகைபோக்கி வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இதைச் சரிபார்க்க நம் ஆய்வகத்தில் ஆர்சாட் கருவி இருக்கிறது. அதை மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அங்கேதான் அப்பா வந்தார். பார்வைத் துளை வழியாகக் குனிந்து பார்த்தார். "செவப்பா, சோம்பேறி மாறி சுத்துது கண்ணு. காத்து பத்தல" என்றார். ஃபேன் வேகத்தை ஐந்து ஐந்து சதவீதமாகக் கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் பொறுத்தோம், ஏனென்றால் பர்னர் சூடு நிலைக்கு வர அவ்வளவு நேரமாகும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் எது நடந்தது என்று தெரியாது. ஒரு கட்டத்தில் தீ வெளுத்து, பொறி பறந்து, எரியாத பெல்லட் கிண்ணத்தைவிட்டுத் துள்ள ஆரம்பித்தது. "இப்போ ஜாஸ்தி. சத்தத்தைக் கேளு, மூச்சு வாங்குது" என்றார். இரண்டு படி இறக்கினோம். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து தீ நிமிர்ந்து நின்றது. புகைபோக்கி உச்சியில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் அப்பா சாம்பலை விரலில் தேய்த்தார். வெண்சாம்பல் நிறம், மாவு மாதிரி. கறுப்புக் குறுணை இல்லை. கறுப்பு இருந்தால் எரியாத கரி, அதாவது காசு. நான் 'கம்பஸ்ஷன் எஃபிஷியன்சி' என்று பரீட்சையில் எழுதுவதைத்தான் அவர் இத்தனை வருடமாக விரலில் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது வில்லன், அந்தக் கல். கொல்லன் உலைக் கிட்டம் பார்த்திருப்பீர்களே, அதேதான். வந்திருந்தது கடலைத்தோல் பெல்லட். அதில் மண் ஒட்டியிருக்கும். மண்ணில் உள்ள சிலிக்காவும் சாம்பலில் உள்ள பொட்டாசியமும் சேர்ந்தால் சீக்கிரம் உருகி, கண்ணாடி மாதிரி இறுகி, காற்றுத் துளையை அடைத்துவிடும். நல்ல மரத்தூள் பெல்லட்டில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ அளவே சாம்பல். உமியில் 15 முதல் 20 கிலோ! மேனேஜரிடம் கணக்குப் போட்டுக் காட்டி மரத்தூள் பெல்லட்டுக்கு மாறினோம். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் செலவாகும் மூட்டை குறைந்தது.

மழையில் நனைந்த மூட்டைகளை அப்பாவே ஒதுக்கினார். ஈரம் பட்ட பெல்லட் ஊதி, உதிர்ந்து, மறுபடி தூளாகிவிடும். இப்போது மூட்டைகள் பலகை மேல், சுவரை ஒட்டாமல் இருக்கின்றன. புது லோடு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு பெல்லட் போடுவோம். நன்றாக அழுத்திச் செய்தது மூழ்கும். மிதந்தால் சந்தேகம்தான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் அப்பாவோடு வாதாட வேண்டியிருந்தது. பெல்லட் விழும் குழாய் பிளாஸ்டிக்காக இருப்பதைப் பார்த்து, "மட்டமான சாமான், இரும்புல போட்டுடலாம்" என்றார். "இல்லப்பா, அது உருகணும்னுதான் வெச்சிருக்காங்க" என்றேன். தீ பின்வாங்கி ஏறினால் குழாய் உருகி அறுந்துவிடும், தீ தொட்டிக்குப் போகாது. இன்னொன்று, அவர் படுக்கும் இடம். மழைக்காக ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு பாய்லர் பக்கத்திலேயே படுப்பார். விடியற்காலையில் தலைவலி என்பார். கண் விழித்ததால் என்று அவர் நினைத்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆளை எழுப்பாமலே கொன்றுவிடும். கரண்ட் போய் ஃபேன் நின்றால் கிண்ணத்தில் உள்ளது புகைந்துகொண்டே கிடக்கும், ஆபத்து அப்போது இன்னும் அதிகம். இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்டேன். இப்போது அவர் சாப்பாட்டு ஹால் தாழ்வாரத்தில் படுக்கிறார். ஷெட் கதவு திறந்தே இருக்கிறது. தலைவலி போய்விட்டது.

தை பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு முன் கணக்குப் போட்டேன். ஆயிரம் லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 33,000 கிலோகலோரி. 48,000-ல் முக்கால் பங்கு தண்ணீரில் இறங்கினால் மணிக்கு 36,000. ஆக 55 நிமிடம். நடந்தது ஒரு மணி பத்து நிமிடம். பாய்லர் இரும்பும் குழாயும் சுட வேண்டாமா, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். "பத்து நிமிசம் முன்ன பின்ன ஆனா இன்னாடா, வெந்நி வந்துச்சில்ல!" என்றார். மேனேஜர் ஹீட்டர் பேச்சை எடுக்கவில்லை. அப்பா வேலை நிலைத்தது. சம்பளம் ஏறவில்லை, அது வேறு கதை.

நண்பர்களே, அந்த ஆங்கிலப் புத்தகத்தில் எல்லாமே இருந்தது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் தீ முன்னால் நிற்கிறவருக்கு அதில் ஒரு வரி எட்டவில்லை. நாளை நாமும் எங்கேயோ ஒரு மெஷினை மாட்டிவிட்டு வருவோம். அப்போது, அதை ஓட்டப்போகிறவர் கையில் எதை விட்டுவிட்டு வருகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிப்போம்.

நான் ஷெட் சுவரில் பெயிண்டால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்:

1. தண்ணீர் இல்லாமல் பற்றவைக்காதே.
2. முதலில் கிண்ணம் சுத்தம், துளை சுத்தம்.
3. ஸ்க்ரூ: 4 ஓட்டம், 8 ஓய்வு. புது லோடு வந்தால் வாளி வைத்து அள.
4. கரும்புகை என்றால் தீனியைக் குறை. பொறி பறந்தால் காற்றைக் குறை.
5. கரண்ட் போனால் வெளியே வா. கதவு திறந்தே இருக்கட்டும்.
6. மண்ணெண்ணெய் ஊற்றாதே.

ஏழாவது வரி அப்பா சொல்லி நான் எழுதியது: "தீயப் பாக்காம பட்டனத் தொடாத."

அடுத்த முறை கல்யாணத்துக்குப் போனால், பந்தி முடிந்ததும் ஒரு நடை மண்டபத்தின் பின்கட்டுக்கும் போய்ப் பாருங்கள். அங்கே ஒருவர் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருப்பார். அவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். நம் சிலபஸில் இல்லாத பதில்கள் கிடைக்கும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்