பாஸ் அவுட்

"நான் 2014 பாஸ் அவுட்"னு ஒருத்தர் சொன்னா நம்ம ஊர்ல அது படிச்சு முடிச்ச வருஷம். அதையே இங்கிலாந்துல ஒரு டாக்டர்கிட்ட சொன்னா, "எவ்வளவு நேரம் கழிச்சு நினைவு வந்துச்சு?"ன்னு கேட்பார். அங்கே அது மயங்கி விழுறது. வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுப்பதும் பாஸ் அவுட்தான்.

நம்ம பேச்சைக் கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு தகவல்: இது முழுக்க நாம உண்டாக்கினது இல்லை. பயிற்சி முடித்து வெளியேறும் ராணுவ அணிவகுப்புக்கு பிரிட்டிஷ்காரங்க வழியா வந்த பேரே பாஸிங் அவுட் பரேட். சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் இன்னைக்கும் அதே பேர்தான்.

வேடிக்கை என்னன்னா, பரேட்ல சில சமயம் ரெண்டு அர்த்தமும் ஒண்ணா நடக்கும். வெயில்ல அசையாம நின்னா ரத்தம் கால்ல தேங்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து மேலே அனுப்பும். விறைப்பா நின்னா அந்த பம்ப் ஓடாது. மூளைக்குப் போற ரத்தம் சில நொடி குறைஞ்சா போதும், ஆள் தொப்புனு விழுவார். ஸ்கூல் ப்ரேயர்ல பக்கத்துல நின்ன பிள்ளை விழுந்ததும் இப்படித்தான். படுக்க வெச்சு காலைத் தூக்கிப் பிடிச்சா பெரும்பாலும் நிமிஷத்துல தெளிஞ்சிடும். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணி ஊத்தாதீங்க.

ஆனா எனக்கு இங்கிலீஷை விட தமிழ்தான் சிக்கல். "மயக்கமா வருது டாக்டர்" என்றால் ஒருத்தருக்கு தலை சுத்தறது, இன்னொருத்தருக்கு கண் இருட்டுறது, வேறொருத்தருக்கு பசிக் கிறக்கம். (சினிமாப் பாட்டு மயக்கம் எங்க டிபார்ட்மென்ட் இல்லை.)

ஒரு காலேஜ் பையனை அம்மா கூட்டிட்டு வந்தாங்க. "மயக்கம் வருதுங்குறான் சார். காலைல சாப்பிட்டாத்தானே?"

"தம்பி, தலை சுத்துச்சா, நினைவே போச்சா?"

"நினைவே இல்ல சார்."

"அப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

"கபடி சார். ரெய்டு போனேன். அவ்ளோதான் தெரியும்."

நிக்கும்போது விழுறது வேற, ஓடும்போது விழுறது வேற. ரெண்டாவதுக்குப் பின்னாடி இதயக் கோளாறு இருக்கலாம். அடுத்த தடவை எழுந்திரிக்காமலே போகலாம். "வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு...?"ன்னு இழுத்தேன். அம்மா முகம் மாறிடுச்சு. "இவன் சித்தப்பா சார். முப்பது வயசுல, வயல்ல."

அன்னைக்கே ஈசிஜி, எக்கோ எடுத்தோம். இதயச் சுவர் தடிச்சிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

கபடியை நிறுத்தியாச்சு, இதயநோய் நிபுணர்கிட்ட அனுப்பியாச்சு. அவன் தங்கச்சிக்கும் அடுத்த வாரம் எக்கோ.