கண்ணால் அளந்த சூடு

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கத்தியின் அருமை தெரியும். மரப்பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி முனை பெயர்ந்திருந்தால் பட்டை கிழிந்து, உள்ளிருக்கும் வளர்படலத்தில் காயம் படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மண்டோர் சும்மா விடுவாரா?

மூவாரிலிருந்து பாகோ செல்லும் சாலையோரம் இருந்த கொல்லுப்பட்டறைக்கு அப்பாவுடன் போவேன். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. சன்னலில் சாக்குத் துணி தொங்கும். காரணம் கேட்டேன். "வெளிச்சத்துல இரும்போட நிறம் பொய் சொல்லும், தம்பி" என்றார் கொல்லர் தாத்தா.

அவர் சொன்னது உண்மை. எஃகைக் கடினமாக்க ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று தோய்க்க வேண்டும். வெயிலில் பார்த்தால், பழுத்த எஃகும் மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு போதவில்லை என்று எண்ணி உலையிலேயே விட்டுவிடுவோம். அதனால் எஃகின் உட்துகள்கள் பருத்து, அது நொறுங்கும் தன்மை அடையும்.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலத் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கிகள் சில, 1917இல் சுடும்போதே வெடித்தன. அங்கிருந்தவர்கள் கைதேர்ந்த தொழிலாளர்கள்தாம். ஆனால், சூட்டைக் கண்ணாலேயே அளந்தார்கள். மேகமூட்டமான நாளைவிட வெயில் நாளில் எஃகு 150 பாகைக்கு மேலும் கூடுதலாகச் சூடேறியிருக்கலாம் என விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகே உலைகளுக்கு வெப்பமானிகள் வந்தன.

சூடு சரியாக இருந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. தோய்த்த எஃகு கண்ணாடியைப் போன்றது. கீழே விழுந்தாலே உடையலாம். தாத்தா அதன் முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடியும் இளஞ்சூடு காட்டுவார். 220 பாகையை ஒட்டி வைக்கோல் மஞ்சள் படரும். உடனே எடுத்துவிடுவார். 300 பாகையில் நீலம் பூக்கும். நீலமேறிய கத்தியில் கூர் நிற்காது. இந்த இரண்டாம் சூட்டை நாளைக்கு என்று ஒருபோதும் தள்ளிவைக்க மாட்டார். தோய்த்ததும் உள்ளே அடங்கிய இறுக்கம், யாரும் தொடாமலேயே இரவில் கத்தியைப் பிளந்துவிடக்கூடும். மூலைகள் கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நீரைவிட எண்ணெயில் குளிர்ச்சி மெதுவாக இறங்குவதால் இந்த ஆபத்து குறைவு.

பால் வற்றிய ரப்பர் மரங்கள் இன்று மூவாரின் தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் போகின்றன. அங்குள்ள இழைப்பு இயந்திரங்களின் கத்திகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்பவை. ஒரு சில்லு பெயர்ந்தாலும் அது தொழிலாளியின் கண்ணைப் பறித்துவிடும். அவற்றுக்குரிய அதிவேக எஃகை 1200 பாகையை ஒட்டிச் சூடாக்கி, இரண்டு மூன்று முறை இளஞ்சூடு காட்ட வேண்டும். அந்தச் சூட்டைக் கண்ணால் அளப்பது நடக்காத காரியம். வெப்பமானியும் நாளடைவில் பிசகும்; அதையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

தாத்தாவிடம் எளிய சோதனை ஒன்று இருந்தது. புதிய எஃகு வந்தால், முதலில் ஒரு துண்டைத் தோய்த்துச் சுத்தியலால் உடைப்பார். உடைந்த முகம் சீனியைக் கொட்டியதுபோல் மினுமினுத்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். பீங்கான்போல் மழமழவென்று சாம்பல் நிறத்தில் இருந்தால்தான் கத்திகளை உலையில் வைப்பார்.