தெற்குத் தெருவில் இரண்டு வீடு

காரைக்கால் நகரம் எங்கே முடிகிறது, இந்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. சாலைக்கு ஒரு பக்கம் மனைக்கல் நட்ட வயல். மறுபக்கம் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் வயல். ஆனி பிறந்து நாளாகிவிட்டது. கடைமடை வாய்க்கால் இன்னும் நனையவில்லை. டீக்கடையில் மாங்கனித் திருவிழாப் பேச்சு ஓடுகிறது.

துணை சுகாதார நிலையம் தெருக்கோடியில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், வாசலில் வேப்பமரம். மரத்தடியில், இறந்துபோன யாரோ ஒருவர் நினைவாக வீட்டார் போட்டுக்கொடுத்த சிமெண்ட் பெஞ்ச். அதில் உட்கார்ந்திருப்பவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை. மாத்திரைக்கு வந்தவனாக இருக்கலாம், யாருக்கேனும் துணைக்கு வந்தவனாக இருக்கலாம். இன்று தடுப்பூசி நாள். எல்லாருக்கும் அவரவர் குழந்தைதான் கவலை.

ஒன்பதரைக்கு நர்சம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறார். ஐம்பதை நெருங்குகிற வயது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டுக் கைப்பைக்குள் அதையே தேடுகிற வழக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த நீலப் பெட்டியைத் திறக்கிறார். நாலு ஐஸ் பேக்குக்கு நடுவே மருந்துக் குப்பிகள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருக்கும் வரை மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் எங்கோ வழியில் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம்; எறிய வேண்டியதுதான். பார்த்து முடித்ததும் கண்ணாடி மறுபடி தலைமேல் ஏறுகிறது.

தாழ்வாரம் நிறைந்துவிட்டது. புதுப் பாவாடைத் துணியில் சுற்றிய கைக்குழந்தை, கன்னத்தில் மைப்பொட்டு. கறுப்பு புர்கா அணிந்த ஒரு பெண், தூளியில் கிடப்பதுபோல் தோளில் கிடக்கும் மகன். மீன் கூடையை மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அப்பாயி. கூடையைக் காக்கை சுற்றுகிறது. அவள் அங்கிருந்தபடியே அதட்டுகிறாள்.

"ஒன்பது மாசம் முடிஞ்சுதா?" என்று கேட்டுத் தட்டம்மை-ரூபெல்லா குப்பியைக் கலக்குகிறார் நர்சம்மா. கலக்கியதும் லேபிளில் மணியைக் குறிக்கிறார்: 10.05. இனி நாலு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். மிச்சம் இருந்தாலும் அதன் பிறகு பயன்படுத்தக் கூடாது. ஊசி ஏறும்போது குழந்தைக்கு முன்பாகவே தாய் கண்ணை மூடுகிறாள்.

அடுத்தது மூன்றரை மாதக் குழந்தை. அட்டை வேறு நிறம்.

"இது நம்ம அட்டை இல்லையே?"

"பொறையார்ல பொறந்துச்சுங்க சிஸ்டர். எங்கம்மா வீடு. போன வாரந்தான் இஞ்ச கூட்டியாந்தாங்க."

நர்சம்மா பெருமூச்சு விடவில்லை; பழகிய வேலை. தமிழ்நாட்டு அட்டையில் இருக்கும் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் பதிவேட்டில் ஏற்றுகிறார். காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,00,222. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்று அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோடு மட்டும் போகவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஆகவே குழந்தையின் முதல் ஊசி ஒரு அரசாங்கத்தில், மூன்றாவது ஊசி இன்னொரு அரசாங்கத்தில். நடுவில் ஒரு தவணை தவறினால் இரண்டு கணினிக்கும் தெரியாமல் போகலாம். இந்த மேசையில் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும்.

"அரை மணி நேரம் உட்காந்துட்டுப் போம்மா. ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாத. ஊசி போட்ட எடத்துல எண்ணெய் கிண்ணெய் தடவாத. அட்டையத் தொலைச்சுராத."

இதையே ஒவ்வொருத்தியிடமும், முதல் தடவை சொல்வதுபோலச் சொல்கிறார்.

பதினொரு மணிக்கு மேல் கூட்டத்தின் முகம் மாறுகிறது. சுகர், பிரஷர் மாத்திரைக்கு வயதானவர்கள் வருகிறார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு பாட்டி, வெள்ளைச் சேலையில், தன் வரிசையை யாரும் தாண்டாதபடி கைத்தடியைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மாத்திரையோடு கூடவே மற்றதும் மேசைக்கு வருகிறது. தெருவிளக்கு எரியவில்லை. நாய் குட்டி போட்டிருக்கிறது, போகவர விடமாட்டேன் என்கிறது. முதியோர் உதவித்தொகை இந்த மாதம் ஏறவில்லை. ரேஷனில் அரிசி எப்போது போடுவார்கள்? சாக்கடை தூர்ந்து வீட்டு வாசலில் நிற்கிறது.

"நான் என்ன கலெக்டராம்மா?" என்று சிரிக்கிறார் நர்சம்மா. சிரித்துக்கொண்டே ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்தும் கொள்கிறார். அது அரசாங்கம் கொடுத்த பதிவேடு அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் நோட்டு.

இதெல்லாம் இங்கே வந்து இறங்குவதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 2006-இல். அதில் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதற்கப்புறம் வார்டு மெம்பர் என்று வாசலில் போய்க் கூப்பிட ஆள் இல்லாமலே வருஷங்கள் ஓடின. கொம்யூன் பஞ்சாயத்து இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள், அலுவலகம் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. நடந்து வந்து, உட்கார்ந்து, பெயர் சொல்லிப் பேசக்கூடிய அரசாங்கம் இந்த ஊருக்கு இந்த ஒரு மேசைதான்.

மீன்கார அப்பாயி பேரனுக்கு ஊசி போட்டாயிற்று. இப்போது அவள் கைக்குப் பிரஷர் பட்டை சுற்றிக்கொண்டிருக்கிறார் நர்சம்மா. காக்கையைப் பார்த்தபடியே சொல்கிறாள்:

"தெக்குத் தெருவுல இன்னைக்கு யாவாரமே இல்ல. ரெண்டு வூட்டுல புள்ளைகளுக்கு வயித்தால போவுதாம். மீனே வேணாங்கறாளுவ."

பட்டையில் காற்றடித்துக்கொண்டிருந்த கை நிற்கிறது.

"யாரு வீட்டுல? எப்பலேர்ந்து?"

"நேத்து ராத்திரிலேர்ந்துன்னாங்க."

"அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி போவுதாமா?"

"அதெல்லாம் நான் எதுக்குக் கேக்கறேன்?"

நர்சம்மா பிரஷரை முழுசாகப் பார்த்து, எழுதி, மாத்திரையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். ஆனால் அதற்குள், ஊர்ச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பெண் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், ஜிங்க் மாத்திரை அட்டைகள், இன்னொரு கையில் குளோரின் பார்க்கும் சின்னப் பெட்டி.

தாழ்வாரத்தில் இருந்த பெண்களும் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும், "அந்த வருஷம் மாதிரி ஆயிடாதே?" என்கிறாள். எந்த வருஷம் என்று யாரும் கேட்கவில்லை.

அது 2022. அதுவும் ஆனி மாதம்தான். மாங்கனிக்குச் சில நாட்களே இருந்தன. ஜூலை 3 அன்று காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வாந்திபேதி என்று மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். பரிசோதித்ததில் சிலருக்குக் காலரா உறுதியானது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் மூன்று நாள் மூடினார்கள். 144 தடை உத்தரவு வந்தது. குடிதண்ணீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததுதான் வினை. 2004 சுனாமியில் கடலிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த கரை இது. தண்ணீர் வீட்டுக் குழாய் வழியாகவும் வந்து மிரட்டும் என்று அந்த ஆனியில் தெரிந்துகொண்டது.

ஒரு மணிக்கு ஆஷா பெண் திரும்பி வருகிறாள். புடவைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருக்கிறது.

"ரெண்டு வீடு இல்லக்கா. மூணு வீடு, அஞ்சு பேரு. ரெண்டு சின்னப் புள்ளைங்க. ஒரு தாத்தாவுக்குத்தான் கொஞ்சம் அதிகம், கண்ணு உள்ள போயிருக்கு. ஆட்டோ புடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்."

"தண்ணி?"

அவள் சின்னக் குழாயைத் தூக்கிக் காட்டுகிறாள். தெருக் குழாய்த் தண்ணீரில் மருந்து விட்டால் மஞ்சள் ஏற வேண்டும். மஞ்சள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு குளோரின். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இந்தச் சின்னக் குழாயில் இருப்பது வெறும் தண்ணீர்போலவே இருக்கிறது, நிறமில்லாமல்.

"நம்ம தெருவுல?"

"இங்க மஞ்சளா வருது. அங்கதான் வரல."

அந்த ஒரு வரியில் பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடப்பட்டிருக்கிறது. நடுவழியில் எதுவோ அதைத் தின்றுவிடுகிறது. நர்சம்மா மருத்துவ அதிகாரிக்குப் போன் செய்கிறார். பிறகு தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டருக்கு.

அவர் சைக்கிளில் வருகிறார், சாப்பாட்டுக் கையோடு. "காலைல நான்தாங்க மருந்து போட்டேன், என் கையால" என்பதையே மூன்று முறை சொல்கிறார். "ஒங்களச் சொல்லலண்ணே. தெக்குத் தெருவுக்குப் போற பைப்பு எந்த வழியா போவுது?" என்று நர்சம்மா கேட்டதும் அவர் முகம் மாறுகிறது. "சாக்கடைக்குக் குறுக்கதான். அங்கதான் போன மாசம் கல்யாண மண்டபத்துக்கு லாரி லாரியா மண்ணு அடிச்சாங்க."

காலையில் ஒரு பெண் சொல்லி, கோடு போட்ட நோட்டில் ஏறியிருந்ததும் அதே சாக்கடைதான்.

குழாயில் தண்ணீர் ஓடும்போது ஓட்டை வழியே வெளியே கசியும். யாருக்கும் கெடுதல் இல்லை. மோட்டாரை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் விழும். அப்போது வெளியே தேங்கி நிற்பது உள்ளே இழுக்கப்படும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் விடுகிற எல்லா ஊருக்கும் இந்த ஆபத்து உண்டு. குழாய் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் உண்டு.

தாழ்வாரத்தில் மிச்சமிருந்த தாய்மார்களிடம் நர்சம்மா ஆளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுக்கிறார். "ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணில ஒரு பாக்கெட். பாதிப் பாக்கெட் பாதி லிட்டருன்னு கலக்காதீங்க. ஜிங்க் மாத்திரை பேதி நின்னாலும் பதினாலு நாளும் குடுக்கணும்." இந்தப் பாக்கெட்டின் கதையும் ஒரு எல்லைக் கதைதான். 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் குவிந்த போங்கான் என்ற எல்லை ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை டிரம்மில் நிரப்பி வைத்தார். மருத்துவப் பயிற்சி ஒன்றும் இல்லாத உறவுக்காரர்களே அதை மொண்டு ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நாலுக்கும் கீழே இறங்கியது. காரைக்கால் காலராவைப் பார்த்த அதே 2022-இல், அக்டோபரில் அவர் காலமானார். இந்தத் தாழ்வாரத்தில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. ஒரு லிட்டர் என்பது எத்தனை சொம்பு என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு மணி. தட்டம்மைக் குப்பியின் ஆயுள் முடிய ஐந்து நிமிஷம் இருக்கிறது. மிச்ச மருந்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு நர்சம்மா டிபன் பாக்ஸைத் திறக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே நோய்க் கண்காணிப்பின் எஸ் படிவத்தைப் போனில் நிரப்புகிறார். ஐந்து வயதுக்குக் கீழே பேதி: 2. மேலே: 3. இந்த ஐந்து பேரைக் கண்டுபிடித்தது ஒரு மீன்காரம்மாவின் வியாபார வருத்தம் என்று எழுத அதில் கட்டம் கிடையாது. ஊரில் இன்னும் எத்தனையோ விஷயம் இப்படித்தான் வந்து சேர்கிறது. மாத்திரை வாங்க வந்த இடத்தில், பட்டை சுற்றிய கையோடு, வேறெதையோ பார்த்துக்கொண்டு சொல்லப்படுகிறது. கேட்கிற காது நாற்காலியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலு மணிக்குத் தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் நிறுத்தப்படுகிறது. குழாயைத் தோண்ட இரண்டு பேர் கடப்பாரையோடு வருகிறார்கள். லாரியில் தண்ணீர் வரும் என்கிறார்கள். ஆறு மணிக்கா ஏழு மணிக்கா என்று தெரியவில்லை. காலிக் குடங்கள் வரிசையில் ஏறிவிட்டன, அவற்றோடு கோபமும்.

"நர்சம்மா போன் போட்டுத்தான் தண்ணிய நிறுத்திட்டாங்களாம்."

"ஊசி போடற வேலையப் பாக்காம இவங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

உரக்கப் பேசுகிறவள் மீன்கார அப்பாயிதான். அவளுக்கு மீன் கழுவத் தண்ணீர் வேண்டும்.

நர்சம்மா ஸ்கூட்டியைக் கிளப்புகிறார். ஆஷா பெண் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: "அக்கா, தெக்குத் தெருவுல ஒங்களத் திட்டறாங்க."

"திட்டட்டும். லாரித் தண்ணியானாலும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துடு. வீடு வீடாப் போவணும். மொதல்ல அந்தக் கெழவி வீட்டுக்குப் போவோம். அவளுக்குத்தான் எல்லா வீட்டு சேதியும் தெரியும்."