வெம்மைக் கடன்

தமிழர் மகிழ்ந்தால் அவர்தம் உள்ளம் குளிர்கிறது. நெடுநாள் பிரிந்திருந்த மகனைக் கண்ட தாய்க்குக் கண் குளிர்கிறது. பசித்து வந்தவனுக்குச் சோறிட்டால் அவன் வயிறு குளிர்கிறது. வெயில் காயும் மண்ணில் வளர்ந்த மொழி, குளிர்ச்சியை இன்பத்தின் பெயராகக் கொண்டது இயல்பே. உறைபனி மூடும் வடபுலத்து மக்களின் மொழிகளிலோ வழக்கு நேர்மாறானது. அங்கே அன்பு வெம்மையுடையது, வரவேற்பு வெதுவெதுப்பானது, பரிவில்லாத நெஞ்சமே குளிர்ந்த நெஞ்சம். வாழும் நிலமே வழங்கும் சொல்லை வடிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆண்டின் ஆறு பருவங்களுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனத் தமிழர் பெயரிட்டனர். எனினும் அப்பனி புல்நுனியில் முத்தென நின்று, கதிரவன் எழுந்ததும் கரைந்துவிடும் பனி. வடதுருவத்தை அடுத்த நாடுகளில் பெய்யும் பனி வேறு. அது நிலத்தை மூடும், ஆற்றைப் பாதையாக்கும், கடலையும் கல்லாக்கும். அத்தகைய பனிவெளியின் நடுவே, ஒரு துணிக் கூடாரத்தில், ஒரு நாயை மட்டுமே துணையாகக் கொண்டு இரவைக் கழிப்பவன் நிலை என்ன? அவன் எதனால் உயிர் பிழைக்கிறான்? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால், வெப்பத்தைப் பற்றிய பாடம் ஒன்றும், அறத்தைப் பற்றிய பாடம் ஒன்றும் ஒருங்கே கிடைக்கின்றன.

முதலில் வெப்பத்தைப் பற்றிய பாடம். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. கம்பளியும் தோலாடையும் இறகு நிறைத்த உறக்கப்பையும் செய்வதெல்லாம், உடலில் பிறந்த வெம்மை வெளியேறாமல் தடுப்பது ஒன்றே. உள்ளே அடுப்பு எரிந்தால்தான் போர்வைக்குப் பயன் உண்டு. அவ்வடுப்பிற்கு விறகு உணவு. ஆதலின், குளிர்நாட்டில் கூடாரம் அடிப்போர் உறங்கச் செல்லுமுன் கொழுப்பு மிகுந்த உணவை உண்கின்றனர். பசித்த வயிற்றோடு படுத்தவன் பத்துப் போர்வைக்குள்ளும் நடுங்குவான்.

இரண்டாவதாக, குளிர் மேலிருந்து வருவதினும் கீழிருந்து வருவதே கொடிது. உறைந்த தரை உடலின் வெப்பத்தை இடைவிடாது உறிஞ்சும். ஆகவே, மேலே போர்த்துவதற்கு முன் கீழே விரிப்பதை எண்ண வேண்டும். மூன்றாவதாக, ஈரம் பகை. பகலில் வியர்வை வழிய நடந்தவன், இரவில் அவ்வியர்வையே பனிக்கட்டியாகித் தன்னைச் சூழக் காண்பான். நிதானமாக நடப்பதும், உடல் சூடேறுமுன் ஓர் ஆடையைக் களைவதும், உலர்ந்த உடையோடு உறங்குவதும் பனிவெளியில் உயிர்காக்கும் ஒழுக்கங்கள்.

இவ்வொழுக்கங்களை மனிதன் பட்டுத்தான் கற்றான். நாயோ பிறவியிலேயே பெற்று வந்தது. வடபுலத்து நாய்க்கு ஈரடுக்கு மயிர் உண்டு. வெளியடுக்கு நீண்டு முரடாக நின்று பனியையும் காற்றையும் தடுக்கும். உள்ளடுக்கு பஞ்சுபோல் நெருங்கி நின்று காற்றைச் சிறைப்பிடிக்கும். உறங்கும்போது அது வளையமாகச் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொள்ளும். உடலின் வெளிப்பரப்புச் சுருங்குகிறது. வெளிவிடும் மூச்சின் சூடும் வீணாவதில்லை. மேலே பனி பெய்தாலும் அஞ்சாது அப்படியே கிடக்கும். ஏனெனில் புதுப்பனியின் பெரும்பகுதி காற்றே. அது நாய்க்கு வெண்போர்வையாகிறது. விடியலில் சமவெளியாகத் தோன்றும் பனிப்பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாய்த்தலைகள் முளைப்பதைப் பயணிகள் வியந்து எழுதியுள்ளனர்.

வெறுங்காலோடு பனிமேல் நிற்கும் நாயின் பாதம் ஏன் உறைவதில்லை? அதற்கும் விடை கிடைத்துள்ளது. பாதத்திற்குச் செல்லும் சூடான குருதிக்குழாய்களும், அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த குருதிக்குழாய்களும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. செல்லும் குருதி தன் சூட்டைத் திரும்பும் குருதிக்குக் கொடுத்துவிடுகிறது. உடலின் நடுப்பகுதி குளிர்வதில்லை. நாயின் பாதத்தில் இவ்வமைப்பு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் விளக்கினர்.

மனிதனின் உடல்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். நாயின் உடல்வெப்பமோ 38 முதல் 39 பாகை. ஆகவே, கூடாரத்தில் அருகே படுத்த நாய் உண்மையிலேயே ஒரு கணப்புத்தான். ஆயினும் அதனைக் கணப்பாக மட்டும் கருதுபவன் இருவருக்கும் இடர் விளைப்பான். பனியில் நனைந்த நாயைத் துடைத்து உலர்த்தாமல் உள்ளே விட்டால், அதன் ஈரம் உறக்கப்பையில் ஏறும். இரு உயிர்களின் மூச்சு கூடாரத் துணியில் படிந்து, உறைபனியாகி, விடியலில் மழைபோல் உதிரும். அதற்கு அஞ்சியோ, சூட்டை விரும்பியோ காற்றுவழிகளை அடைத்து, உள்ளே அடுப்பை எரிப்பது அதனினும் கொடிது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு நிறமும் மணமும் இன்றிக் கொல்லும். அது மனிதன் என்றும் நாய் என்றும் பார்ப்பதில்லை.

எல்லா நாயும் பனிநாய் அல்ல என்பதையும் மறத்தலாகாது. குறுமயிர் நாய்க்கும், முதிர்ந்த நாய்க்கும், குட்டிக்கும் தனி விரிப்பும் போர்வையும் வேண்டும். விரலிடுக்கில் உருண்டு கட்டியாகும் பனியை அகற்ற வேண்டும். பனியைத் தின்று அது தாகம் தீர்த்துக்கொள்ளும் என விட்டுவிடாமல், உருக்கிய நீர் தர வேண்டும். நடுங்கும் நாய் இன்னும் போராடும் நாய். நடுக்கம் நின்று, தள்ளாடி, அழைத்தும் எழாத நாயோ சாவின் வாயிலில் நிற்பது. அதற்கு வாயில்லை. தனக்குக் குளிர்கிறது என்று அது சொல்லாது. பார்த்து அறிய வேண்டியது மனிதன் கடமை.

இக்கடமை எத்துணைக் கடினமானது என்பதை நார்வே நாட்டு ஃபிரிட்ஜாஃப் நான்சனின் பயணம் காட்டுகிறது. 1895-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள், அவரும் யால்மர் யோகான்சனும் 'ஃபிராம்' என்னும் கப்பலை விட்டிறங்கி, 28 நாய்களோடும் மூன்று சறுக்கு வண்டிகளோடும் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டனர். குளிர் சுழியத்திற்குக் கீழே 40 பாகை வரை இறங்கியது. ஓநாய்த்தோல் உடைகளைக் கப்பலிலேயே விட்டு, கம்பளி உடை அணிந்து சென்றனர். பகலில் வியர்வை ஊறிய அவ்வுடை இரும்புக் கவசம்போல் உறைந்தது. சட்டைக்கையின் விளிம்பு நான்சனின் மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கியது. இரவில் இருவரும் ஒரே உறக்கப்பைக்குள் புகுந்து, பல் கிட்ட நடுங்கிக் கிடப்பர். அவர்கள் உடற்சூட்டில் உறைந்த உடை மெல்ல உருகும். உருகி முடிந்து சிறிது வெதுவெதுப்பு வந்தபின்னரே உறக்கம் வரும். விடிந்ததும் அதே உடை மீண்டும் கவசமாகும்.

அவ்வளவு துன்பத்திலும் அவர்களுக்கு ஒரு பை இருந்தது. ஒரு கூடாரம் இருந்தது. வெளியே பனியில் கிடந்த நாய்களுக்கு நாளுக்கு நாள் உணவு குறைந்தது. திட்டமோ தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது: வண்டியின் சுமை குறையக் குறைய நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று, எஞ்சியவற்றுக்கு இரையாக்குவது. முதல் நாயைக் கொன்ற அன்று, பல நாய்கள் அவ்விறைச்சியைத் தொடாமல் பட்டினியாகவே படுத்தன. பின்னர்ப் பசி வென்றது. தமிழில் 'நாய்படாத பாடு' என்றொரு தொடர் உண்டு. அந்நாய்கள் பட்டபாட்டை அறிந்தோர் அத்தொடரைச் சொல்ல ஒரு நொடி தயங்குவர்.

ஏப்ரல் 8-ஆம் நாள், அதுவரை எம்மனிதரும் எட்டாத 86 பாகை 14 கலை வடக்கே நின்று, இருவரும் தெற்கே திரும்பினர். ஆகஸ்டில் பனிப்பரப்பு முடிந்து திறந்த கடல் தெரிந்தபோது இரண்டே நாய்கள் எஞ்சியிருந்தன. சிறு படகுகளில் அவற்றுக்கு இடமில்லை. முந்தைய நாய்களைக் கத்தியால் கொன்று தோட்டாவை மிச்சப்படுத்தியவர்கள், இவ்விரண்டுக்கும் ஆளுக்கொரு தோட்டாவைச் செலவிட்டனர். தன் நாயைத் தானே சுட மனம் வராமல், யோகான்சனின் நாயை நான்சனும், நான்சனின் நாயை யோகான்சனும் சுட்டனர்.

பின்னர்த் தம் நூலில் நான்சன் இதனை மறைக்கவில்லை. தொடக்கம் முதல் இறுதி வரை அது அவ்விலங்குகளுக்கு இழைத்த கொடுமையே என்றும், எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு நடுங்குகிறது என்றும் எழுதினார். பிற்காலத்தில் நாடிழந்த ஏதிலியர்க்கு உழைத்து, 1922-இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றவர் அவரே. பரிவு இல்லாதவர் என அவரை எவரும் சொல்ல இயலாது. பரிவுடையவரையும் குளிர் எங்கே கொண்டு நிறுத்தும் என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1908-இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில் இவ்வெண்ணம் வேறு முகம் காட்டுகிறது. யூக்கான் பனிவெளியில் தீ அணைந்துபோன ஒருவன், தன் நாயைக் கொன்று அதன் உடற்சூட்டில் கைகளைப் புதைக்க முனைகிறான். விறைத்த கை கத்தியைப் பிடிக்க மறுக்கிறது. அவன் மடிகிறான், நாய் வேறு மனிதரின் தீயை நோக்கி நடக்கிறது. அதே ஆசிரியர் 1902-இல் எழுதிய முதல் வடிவத்தில் நாயே இல்லை, மனிதனும் பிழைத்துக்கொள்கிறான். நாய் வந்தபின்னரே அக்கதை ஓர் அறக்கேள்வியாயிற்று.

வேறு வழியே இல்லையா? உண்டு. அலாஸ்காவில் 1973 முதல் நோம் நகர்வரை நடைபெறும் ஐடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தில் அதனைக் காணலாம். ஆயிரம் மைல் அளவிலான வழி அது. ஓடும் நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கலோரி உணவு வேண்டும். தங்குமிடம் சேர்ந்த வண்டியோட்டி தன் காலணியைக் கழற்றுமுன் வைக்கோலைப் பரப்பி நாய்களைப் படுக்கவைக்கிறார்; பனியை உருக்கி, உணவைச் சூடாக்கி ஊட்டுகிறார்; ஒவ்வொரு பாதத்தையும் கையிலெடுத்துப் பார்க்கிறார். அதன்பின்னரே தம் பசியையும் உறக்கத்தையும் நினைக்கிறார். 1985-ஆம் ஆண்டில் லிபி ரிடில்ஸ் என்னும் பெண்மணி, பிறர் தயங்கி நின்ற பனிப்புயலில் ஷக்டூலிக் என்னும் ஊரைவிட்டுக் கிளம்பினார். அன்றிரவு உறைந்த கடலின்மேல், தம் வண்டிப்பைக்குள் அவரும், பனிக்குள் சுருண்டு அவர்தம் நாய்களும் கிடந்து புயலைக் கழித்தனர். மறுநாளும் புயலினூடே நாய்கள் இழுத்தன. அப்பந்தயத்தில் வென்ற முதற்பெண் என்னும் புகழ் அவரைச் சேர்ந்தது. அப்பந்தயமும் குறையற்றதன்று, அதில் நாய்கள் இறந்ததும் உண்டு, கண்டிப்போரும் உளர். எனினும், நாய்க்கு முதலில், மனிதனுக்குப் பின்னர் என்னும் அவ்வொழுங்கு எண்ணிப் போற்றத்தக்கது.

தமிழ்ப் பழமொழிகள் நாய்க்கு உயர்ந்த இருக்கை தரவில்லை. ஆனால், தமிழர் வழிவழியாகக் கேட்டுவந்த பாரதக் கதையின் இறுதியில், பனிமலையில் ஒரு நாய் நடக்கிறது. தம்பியரும் மனைவியும் வழியில் வீழ்ந்தபின் தருமனோடு எஞ்சியது அந்நாய் ஒன்றே. விண்ணகத் தேர் வந்து நின்றபோது, நாயை விட்டு ஏறேன் என்றான் தருமன். தன்னை நம்பி உடன்வந்த உயிரைக் கைவிடுவது பெரும்பிழை என்பதே அவன் கூறிய காரணம். அந்நாயே அறக்கடவுள் எனக் கதை முடிகிறது. நாய் அறக்கடவுள் என்பதை அறியாமலே தருமன் அவ்வாறு சொன்னான் என்பதில்தான் அவன் பெருமை இருக்கிறது.

தென்துருவத்தில் இன்று நாய்கள் இல்லை. கடல்நாய் முதலிய விலங்குகளுக்கு நோய் பரவக்கூடும் என்று அஞ்சி, 1991-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி 1994 ஏப்ரலுக்குள் அவை அனைத்தும் அகற்றப்பட்டன. வடகிழக்குக் கிரீன்லாந்திலோ டென்மார்க் படையின் 'சிரியஸ்' காவற்குழு இன்றும் இருவர் இருவராக, நாய்வண்டிகளோடு மாதக்கணக்கில் பனிவெளியைச் சுற்றி வருகிறது. இயந்திர வண்டி பழுதானால் பனியில் வெறும் இரும்பு. நாயோ தானே வெப்பம் பிறப்பிக்கும் உயிர்.

பனிவெளியில் வெம்மை எங்கிருந்தும் இலவசமாக வருவதில்லை. ஓருயிர் உண்டு, செரித்து, எரித்துத் தருவதே அது. நாய் தரும் வெம்மை அதற்கு இட்ட உணவிலிருந்து பிறந்தது. உணவை இட்ட கைக்கே அது திரும்பி வருகிறது. ஆதலின், அதனைப் பெறுபவன் கடன்பட்டவன். இரவு முழுவதும் தன் முதுகைத் தாங்கிய அச்சூட்டிற்கு ஈடாக, விடிந்ததும் அவன் செய்யக்கூடியது ஒன்றே: அடுப்பை மூட்டிப் பனியை உருக்கி, முதற்கிண்ணத்தை நாயின்முன் வைப்பது.