தாழ்ந்த நிலைகளின் வயது

கராத்தே பயிலத் தொடங்குபவருக்குக் குத்துக்கும் உதைக்கும் முன்பாகக் கற்பிக்கப்படுவது நிற்கும் முறையாகும். முன்முழங்காலை மடக்கி, பின்காலை நீட்டி, உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்காலில் இறக்கும் சென்குட்சு தாச்சி, பாதங்களை இணையாக அகட்டிக் குதிரைமேல் அமர்ந்தாற்போல் நிற்கும் கிபா தாச்சி, எடையின் பெரும்பகுதியைப் பின்காலுக்கு மாற்றும் கோகுட்சு தாச்சி ஆகிய மூன்றும் ஷோட்டோகான் மரபில் அடிப்படை நிலைகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றின் நீளமும் தாழ்வும் தொன்மையானவை என்று பரவலாக நம்பப்பட்டாலும், அச்சேறிய நூல்களைப் பின்னோக்கிப் புரட்டிச் செல்பவருக்கு அந்நம்பிக்கை நெடுந்தொலைவு துணை வருவதில்லை.

1922இல் ஒகினாவாவிலிருந்து தோக்கியோவுக்கு வந்து இக்கலையை அறிமுகப்படுத்திய, ஷோட்டோகான் மரபின் மூலவரான ஃபுனகோஷி கிச்சின், 1925இல் வெளியிட்ட நூலின் ஒளிப்படங்களில் தாமே நின்று காட்டும் நிலைகள் இன்றைய பயிற்சிக்கூடங்களில் கற்பிக்கப்படுவனவற்றைவிட உயரமாகவும் குறுகலாகவும் உள்ளன. மாற்றம் 1930களில் நிகழ்ந்தது. அவருடைய மகன் யோஷிதகா, பல்கலைக்கழக மாணவர்களுக்கு அளித்த கடும்பயிற்சியில் நிலைகளைத் தாழ்த்தி நீட்டினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. யோஷிதகா 1945இல் மறைந்தபின், 1949இல் உருவான ஜப்பான் கராத்தே சங்கம் அவ்வடிவத்தையே உலகெங்கும் கொண்டுசென்றது.

ஒளிப்படம் ஒரு கணத்தை மட்டுமே காட்டும் என்று ஐயுறுவோருக்கு வேறொரு சான்றும் உண்டு. இட்டோசு அன்கோ, ஒகினாவாப் பள்ளிகளுக்கென 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பின்னான் என்னும் கட்டாக்களை (வரிசைப்படுத்தப்பட்ட அசைவுத் தொகுதிகளை) வகுத்தார். அவரிடம் பயின்ற மபுனி கென்வாவின் ஷிட்டோ மரபில் பின்னான் ஷோதான், முன்காலின் விரலடியை மட்டும் தரையில் தொடவைக்கும் நெகோ ஆஷி தாச்சி எனும் குறுகிய பூனைக்கால் நிலையில் தொடங்க, அதே கட்டா ஷோட்டோகானில் ஹெய்யான் நிதான் என்ற பெயரில் நீண்ட கோகுட்சு தாச்சியில் தொடங்குகிறது. ஓர் ஆசிரியரின் ஒரே கட்டா இரு கிளைகளில் இவ்வாறு வேறுபடுவது, நீண்ட வடிவம் பிற்காலத்தது என்ற முடிவுக்கே வலுச்சேர்க்கிறது. கிபா தாச்சியைப் படகில் நின்றோ வயல்வரப்பில் நின்றோ சண்டையிட்டதோடு தொடர்புபடுத்தும் விளக்கங்கள் இனிமையானவை. அவற்றுக்கு ஆவணச் சான்று காட்டப்படுவதுதான் அரிது.

உண்மையில் ஒகினாவாவைத் தாண்டிப் பின்செல்லும் தடம், புதியவர்கள் அதிகம் பொருட்படுத்தாத ஒரு சிறு நிலையில் கிடைக்கிறது. தோள் அகலத்தில் பாதங்களை வைத்து, முன்காலின் குதிகால் பின்காலின் விரல்நுனிக்கு நேர்க்கோட்டில் அமையுமாறு உட்புறம் திருப்பி, தொடைகளை இறுக்கி நிற்பது சான்சின் தாச்சி. அந்நிலையை மையமாகக் கொண்ட சான்சின் கட்டாவை, சீனாவின் ஃபூஜியான் மாநிலத்து ஃபூசோ நகரில் பயின்று திரும்பிய ஹிகோன்னா கன்ரியோவிடமிருந்து மியாகி சோஜுன் பெற்றார். 1897இல் அதே நகருக்குச் சென்ற உயெச்சி கன்புன் அதைத் தனியே கற்றுவந்தார். மியாகியின் கோஜு மரபு அதை மூடிய முட்டியுடனும் உயெச்சி மரபு திறந்த கையுடனும் செய்கின்றன. கைகள் வேறுபட்டாலும் கால்வைப்பு இரண்டிலும் பெரிதும் ஒத்திருக்கிறது. ஃபூஜியானின் வெண்கொக்கு மரபிலும் இதே பெயருக்குரிய அடிப்படைப் பயிற்சி இன்றளவும் கற்பிக்கப்படுகிறது.