தானே திறக்கும் கதவு

வீட்டிற்கு அழகு தருவது வாயில்; வாயிலுக்குக் காவலாய் நிற்பது கதவு. வேண்டியவரை உள்ளே விடுதலும், வேண்டாதவரைத் தடுத்து நிறுத்துதலும் அதன் தொழில்கள். ஆயினும் கதவு எத்துணை வலியதாயினும், அதனைத் திறக்கவும் சாத்தவும் ஒரு கை வேண்டும். கையின் உதவியின்றித் தானே திறந்து தானே மூடும் கதவு ஒன்று இருத்தல் கூடுமோ என்று மக்கள் நெடுங்காலமாகவே எண்ணி வந்தனர்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் ஹீரோன் என்னும் அறிஞர் ஒருவர் வாழ்ந்தார். கோயிற் கதவுகளைத் தாமே திறக்கச் செய்யும் பொறி ஒன்றினை அவர் தம் நூலில் விளக்கியுள்ளார். பலிபீடத்தில் தீ மூட்டினால் அதன் அடியில் அடைபட்டிருக்கும் காற்று சூடேறி விரியும். விரிந்த காற்று ஒரு கலத்திலுள்ள நீரைத் தள்ளும். அந்நீர் தொங்கும் வாளி ஒன்றில் சென்று நிறையும். வாளியின் பளு கயிற்றை இழுக்கக் கதவுகள் திறந்துகொள்ளும். தீ அணைந்ததும் நீர் திரும்பிச் செல்லும், கதவுகள் மூடிக்கொள்ளும். பார்ப்பவர் வியந்து நிற்பர். ஆயினும் அக்கதவினைத் திறந்தது அற்புதம் அன்று. காற்றும் நீரும் கயிறுமே.

அன்று கோயிலுக்குரிய வியப்பாய் இருந்தது இன்று அமெரிக்க நாட்டில் எளிய குடும்பங்களின் வீடுகளிலும் காணப்படுகிறது. அந்நாட்டில் வீட்டோடு ஒட்டியே மோட்டார் வண்டிக்குரிய கொட்டில் கட்டப்படுவது வழக்கம். வண்டி நுழைய வேண்டுமாதலின் அதன் கதவு மிக அகலமானது. தொடக்கத்தில் இக்கதவுகள் இரு பக்கமும் விரிந்து திறப்பனவாய் இருந்தன. பனி பெய்து வாயிலில் குவிந்துவிட்டால் அவற்றைத் திறத்தல் அரிது. 1921-ஆம் ஆண்டில் ஜான்சன் என்பார், பல பலகைகளாய் மடிந்து மேல்நோக்கி எழுந்து கூரையின்கீழ்ச் சென்று படுக்கும் கதவினை அமைத்தார். 1926-இல் அதனை மின்சாரத்தால் இயக்கும் பொறியையும் அவரே உண்டாக்கினார். வண்டியில் வருபவர் மழையில் இறங்கி நனைய வேண்டிய தொல்லை இவ்வாறு நீங்கிற்று.

கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகராகிய சாக்ரமெண்டோவில் முதியவர் ஒருவர் தம் மனைவியாரோடு வாழ்ந்து வந்தார். நாற்பது ஆண்டுகள் தச்சுத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர் அவர். தம் வீட்டில் எப்பணி நேர்ந்தாலும் பிறரை அழையாமல் தாமே செய்து முடித்தலில் அவருக்குப் பெருமிதம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்தம் வீட்டுக் கொட்டிலின் பழைய மின்பொறி பழுதுற்றது. அவர் புதியது ஒன்றை வாங்கி வந்தார். எட்டு வயதுடைய பேர்த்தி அருகில் நின்று ஆணிகளையும் திருகுகளையும் எடுத்துக் கொடுத்தாள்.

வாயிலுக்கு மேலே உள்ள சுவரின் நடுவில் ஓர் இரும்புத் தாங்கியை முதலில் அவர் பொருத்தினார். அதிலிருந்து உட்புறமாக நீண்ட சட்டம் ஒன்றைச் செலுத்தி, அதன் மறுமுனையில் மின்பொறிப் பெட்டியை இணைத்து, கூரையின் உத்தரங்களிலிருந்து இரும்புப் பட்டைகளால் தொங்கவிட்டார். சட்டத்தின் வழியே ஒரு சங்கிலி ஓடும். சங்கிலியோடு பிணைந்து முன்னும் பின்னும் நகரும் சிறு துண்டு ஒன்று உண்டு. அதிலிருந்து வளைந்து இறங்கும் இரும்புக் கை கதவின் தலையைப் பற்றிக்கொள்ளும். பொறி சங்கிலியை இழுக்க, துண்டு நகரும். துண்டு நகரக் கதவு எழும். சுவரில் வைக்கும் பொத்தானைச் சிறுவர் கைக்கு எட்டாதவாறு ஐந்தடி உயரத்திற்கு மேல் அவர் பொருத்தினார். வண்டியில் இருந்தபடியே அழுத்துதற்குரிய சிறு பெட்டி வானொலி அலையால் ஏவல் அனுப்புவது. முற்காலத்தில் ஒருவர் பெட்டியை அழுத்த அண்டை வீட்டுக் கதவு திறந்துகொள்வதும் உண்டாம். இக்காலத்துப் பெட்டியோ ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டை அனுப்புகிறது. ஆகவே ஒருமுறை சென்ற குறியீட்டைக் களவாகப் பிடித்து வைத்து மீண்டும் அனுப்பினால் கதவு திறவாது.

இறுதியாக எஞ்சியவை இரண்டு சிறு கண்கள். அவற்றை வாயிலின் இரு பக்கமும், தரையிலிருந்து ஆறு அங்குலத்திற்கு மேற்படாமல், ஒன்றையொன்று நோக்கும்படி வைத்தல் வேண்டும். ஒரு கண் புலனாகாத ஒளிக்கற்றையை அனுப்பும். மற்றது அதனை ஏற்கும். கதவு இறங்கும்போது குழந்தையோ பூனையோ குறுக்கிட்டு அக்கற்றையை மறைத்தால், இறங்கும் கதவு உடனே நின்று மேலே திரும்பிவிடும்.

பணி முடிந்தது. முதியவர் பொத்தானை அழுத்தினார். கதவு எழுந்தது. பேர்த்தி கைகொட்டி மகிழ்ந்தாள். அவரும் தம் கைத்திறனை எண்ணி உள்ளம் குளிர்ந்தார்.

ஆனால் சில நாட்களிலேயே குறைகள் தோன்றலாயின. கதவு சில வேளைகளில் எழும்போது பாதியில் நின்றது. இறங்கும்போது காரணமின்றித் திரும்பிற்று. எழும் விசைக்கும் இறங்கும் விசைக்கும் தனித்தனியே இரண்டு திருகிகள் பொறிப் பெட்டியில் இருந்தன. முதியவர் அவ்விரண்டையும் மிகுதியாகத் திருப்பி வைத்தார். கதவு அதன்பின் நில்லாமல் ஓடிற்று. மற்றொரு தொல்லையும் இருந்தது. அக்கொட்டில் மேற்கு நோக்கியது. குளிர்கால மாலையில் தாழ்ந்திருக்கும் கதிரவனின் ஒளி, ஏற்கும் கண்ணின்மீது நேரே வீசிற்று. அப்போது கண் மயங்கி, வழியில் எதுவும் இல்லாதிருந்தும் கதவு மூட மறுத்தது. இரண்டு மூன்று நாட்கள் பொறுத்துப் பார்த்த முதியவர், ஒரு மாலையில் சினங்கொண்டு அவ்விரு கண்களையும் கழற்றினார். ஒன்றையொன்று பார்க்குமாறு நெருக்கிச் சேர்த்துக் கட்டினார். கூரையருகே ஒரு மூலையில் தொங்கவிட்டார். பொறி ஏமாந்தது. தன் வழியில் தடை இல்லை என்று அஃது எப்போதும் நம்பிற்று.

மறுநாள் பேர்த்தி மேலே நோக்கினாள். "தாத்தா, கதவின் கண்கள் ஏன் மூலையில் இருக்கின்றன?" என்று கேட்டாள்.

"அவை தொல்லை தந்தன, அம்மா. அதனால் அங்கே வைத்தேன்."

"அங்கிருந்து பார்த்தால் நான் ஓடி வருவது அவற்றுக்குத் தெரியுமா?"

முதியவர் விடை கூறவில்லை. முந்தின நாள் மாலையில்தான் இறங்கிக்கொண்டிருந்த கதவின்கீழ் அவள் குனிந்து ஓடி வந்ததை அவர் கண்டிருந்தார், "ஓடாதே!" என்று ஒரு சொல் கூறி அதனை மறந்தும் இருந்தார். இப்பொழுது அந்தக் காட்சி அவர் கண்முன் நின்றது. அவர் பொறியோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்தார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைக் கதவின்கீழ்த் தரையில் கிடத்தி, கதவை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றும், கட்டையைத் தொட்டவுடன் கதவு மேலே திரும்ப வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. முதியவர் அவ்வாறே செய்தார். கதவு இறங்கிக் கட்டையைத் தொட்டது. ஆனால் திரும்பவில்லை. பொறி உறுமிக்கொண்டு கட்டையை மேலும் மேலும் அழுத்திற்று. அவர் விரைந்து மின்சாரத்தை நிறுத்தினார். அவர் கைகள் நடுங்கின.

அந்தச் சிறு கண்களுக்கும் அந்தக் கட்டைச் சோதனைக்கும் ஒரு துயர வரலாறு உண்டு. முன்னாளில் இவ்வகைக் கதவுகளின்கீழ் அகப்பட்டு அமெரிக்காவில் பல குழந்தைகள் உயிர் துறந்தனர். அதன் பின்னரே 1990-இல் அந்நாட்டு மக்கள் மன்றம் சட்டம் இயற்றிற்று. 1993 சனவரி முதல் நாள் தொட்டு வீடுகளுக்கெனச் செய்யப்படும் ஒவ்வொரு பொறியிலும், தடையை உணர்ந்து திரும்பும் அமைப்போடு ஒளிக்கண் போன்ற மற்றொரு காவலும் இருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. இரண்டு காவல்களையும் முதியவர் தம் கையாலேயே நீக்கியிருந்தார்.

அன்றே அவர் கண்களைப் பழைய இடத்தில் பொருத்தினார். இம்முறை சற்றுச் சிந்தித்தார். வெயில் விழும் பக்கத்தில் ஒளி அனுப்பும் கண்ணையும், நிழல் விழும் பக்கத்தில் ஏற்கும் கண்ணையும் மாற்றி வைத்தார். மாலை வெயிலின் தொல்லை அத்துடன் தீர்ந்தது. பின்னர் விசைத் திருகிகளைக் குறைத்தார். கட்டையைத் தொட்ட கதவு இப்பொழுது திரும்பிற்று. ஆனால் எழும்போது மீண்டும் பாதியில் நின்றது. "இதற்குக் காரணம் பொறியில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது" என்று அவர் உணர்ந்தார்.

பொறியிலிருந்து சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். மின்சாரம் நின்றுபோன காலத்தில் அதனை இழுத்தால் கதவு பொறியினின்றும் விடுபடும். பின்பு கையால் தூக்கித் திறக்கலாம். கதவு மூடியிருக்கும்போதே அதனை இழுத்தல் வேண்டும். திறந்திருக்கும்போது இழுத்தால் கதவு பளுவோடு விழுதலும் கூடும். முதியவர் கதவை மூடிக் கயிற்றை இழுத்தார். தம் மனைவியாரை அழைத்துக் கதவைத் தூக்குமாறு வேண்டினார். அவ்வம்மையார் இரு கைகளாலும் முயன்றார். கதவு ஒரு சாண் அளவும் எழவில்லை. முதியவரும் சேர்ந்து தூக்கிய பின்னரே, பெரு முயற்சியோடு, இடுப்பளவு எழுந்தது. விட்டதும் கீழ்நோக்கிச் சரிந்தது.

மர்மம் விளங்கிற்று. இவ்வகைக் கதவின் பளுவை உண்மையில் தாங்குவது மின்பொறி அன்று. கதவின் தலைமேல் குறுக்காக ஓடும் தண்டில் முறுக்கி வைத்திருக்கும் எஃகுச் சுருள்வில்லே. கதவு இறங்கும்போது வில் முறுகும். அம்முறுக்கின் வலிமையே கதவை மீண்டும் எழச் செய்யும். வில் செவ்வையாக இருந்தால் பெரிய கதவையும் ஒரு கையால் உயர்த்தலாம். பாதியில் விட்டாலும் அங்கேயே நிற்கும். ஆயினும் வில்லுக்கும் ஆயுள் உண்டு. பொதுவாக ஏறத்தாழ 10,000 முறை திறந்து மூடும் அளவிற்கே அதனைச் செய்கின்றனர். நாளைக்கு நான்கு முறை திறந்தால் ஏழு ஆண்டுகளுக்குள் அவ்வெண்ணிக்கை நிறைந்துவிடும். முதியவரின் வீட்டு வில் அதனினும் பழையது. அது தளர்ந்ததைப் பழைய பொறி தன் வலிமையால் மறைத்தது. தானும் தேய்ந்து மாண்டது. புதிய பொறியோ நின்றும் திரும்பியும் குறையை அறிவித்தது. முதியவர் அவ்வறிவிப்பைத்தான் தொல்லை என்று எண்ணி அடக்கினார்.

அம்மையார் மெல்லக் கூறினார்: "நீங்கள் வெளியூர் சென்றிருக்கும் நாளில் மின்சாரம் நின்று, தீயும் வந்தால், நான் எவ்வாறு வெளியேறுவேன்?"

அக்கேள்வி வீண் அச்சத்தில் பிறந்தது அன்று. 2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவில் பெருந்தீ பரவிற்று. நள்ளிரவில் மின்சாரம் அற்றுப்போகவே, கொட்டிற் கதவைத் திறக்க இயலாமல் முதியோர் சிலர் உயிரிழந்தனர். அதனால் அம்மாநிலத்தார் 2018-இல் புதிய சட்டம் செய்தனர். 2019 சூலை முதல் நாள் தொட்டு, மின்சாரம் நின்றபோதும் கதவைத் திறக்க உதவும் மின்கலம் இல்லாத பொறியை அங்கே வீடுகளுக்கு விற்றலும் பொருத்தலும் கூடா. முதியவர் வாங்கிய பொறியிலும் அம்மின்கலம் இருந்தது. எனினும் தளர்ந்த வில்லின் பளு முழுவதையும் மின்கலம் சுமக்க முடியுமோ? மின்கலமும் ஓய்ந்தால் எஞ்சுவது சிவப்புக் கயிறும் மனிதக் கையுமே அன்றோ?

நாற்பது ஆண்டு தச்சுத் தொழில் செய்த அம்முதியவர் அன்று ஒரு காரியம் செய்தார். வில்லைத் தாமே கழற்ற முற்படவில்லை. முறுக்கேறிய வில் பயிற்சியில்லாத கையில் நழுவினால் எலும்பை முறிக்கும், உயிரையும் வாங்கும். ஆதலால் அத்தொழிலில் தேர்ந்த ஒருவரை வரவழைத்தார். வந்த தொழிலாளி இளைஞர். முதியவர் அவர் அருகே நின்று, பேர்த்தி தமக்குச் செய்ததுபோலவே, கேட்ட கருவிகளை எடுத்துக் கொடுத்தார்.

புதிய வில் அமைந்த பின், அம்மையார் சிவப்புக் கயிற்றை இழுத்து ஒரு கையால் கதவை உயர்த்தினார். அது பாதியில் விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது. மீண்டும் பொறியோடு இணைத்தபோது அதன் உறுமல் அடங்கி மெல்லிய ஓசையே கேட்டது. முதியவர் விசைத் திருகிகளை மேலும் குறைத்து வைத்தார்.

அன்று முதல் அவ்வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் பேர்த்தி அந்த மரக்கட்டையைக் கொண்டு வந்து வாயிலில் கிடத்துவாள். அவள் விலகி நின்ற பின் முதியவர் பொத்தானை அழுத்துவார். கதவு இறங்கிக் கட்டையைத் தொட்டுத் திரும்பும். பின்பு அவர் ஒரு துடைப்பத்தை ஒளிக்கற்றையின் குறுக்கே நீட்டுவார். இறங்கும் கதவு திரும்பும். அதன்பின் அம்மையார் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் திறப்பார். இம்மூன்றும் முடியக் கால் நாழிகையும் ஆகாது.

பொறிகள் மனிதனின் கைகளுக்கு ஓய்வு தருகின்றன. அதனால் நன்மை பெரிது. ஆனால் அவை நிற்கும்போதும் மறுக்கும்போதும் நமக்கு ஏதோ சொல்கின்றன. அதனைப் பொறுமையோடு கேட்டறிபவரே பொறியின் பயனை முழுவதும் அடைவர். கதவு தானே திறக்கலாம், தானே மூடலாம். அதன்கீழ் ஓடிவரும் குழந்தையைக் காக்கும் பொறுப்பு மட்டும் அவ்வீட்டாரை விட்டு நீங்குவதில்லை.