சிவப்பு அங்கி

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கடந்ததும் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்குவது எங்கள் வீட்டு வழக்கம். குடிலுக்குரிய சுரூபங்கள், சுருட்டி வைத்த சரவிளக்கு, கால் உடைந்த ஓர் ஒட்டகம், இவற்றின் அடியில் அந்துருண்டை மணத்தோடு கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கி மடித்து வைக்கப்பட்டிருக்கும். பாரிமுனையில் வாங்கிய சாட்டின் துணி. ஓரமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. அதனோடு ரோஜா நிறக் கன்னங்களுடன் ஓயாமல் சிரிக்கும் ஒரு முகமூடி. எங்கள் மூத்த மகன் தன் ஒன்பதாம் வயதில் அதை முதன்முதலாக அணிந்தான். பதின்மூன்றாம் வயதில் அணிய மறுத்தான். அந்த மறுப்பை நாங்கள், அவனுடைய தாயும் தந்தையும், ஏற்றுக்கொண்ட விதத்தைப் பற்றியே இங்கு எழுத முனைகிறோம். ஏற்றுக்கொண்டோம் என்பதுகூட எங்களை நாங்களே புகழ்ந்துகொள்வதாகும். முதலில் நாங்கள் அதை ஏற்கவில்லை.

ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடைப்பட்ட சாலையை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. ஏரிகளும் நெல்வயல்களுமாய்க் கிடந்த நிலம் இது. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை எழுந்தது. பின்னர் கண்ணாடி, கைப்பேசி, லாரி, மோட்டார் சைக்கிள் என ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாங்களும் பிழைப்பை நாடித் தெற்கிலிருந்து வந்தவர்களே. 2002-ஆம் ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தபோது இப்பகுதிப் பங்குகள் அதனுள் அமைந்தன. எங்கள் கிளைப்பங்கில் பழைய குடும்பங்கள் சிலவே. மற்றவர்கள் ஷிப்டு முடிந்த களைப்போடு திருப்பலிக்கு வருகிறவர்கள். எந்த ஞாயிறு யார் வருவார் என்பதை ஆலையின் பட்டியலே தீர்மானிக்கும்.

இத்தகைய இடத்தில் டிசம்பர் மாதக் கேரல் பவனி என்பது வெறும் பாட்டுப் பயணம் அன்று. யார் எந்தத் தெருவில், எந்த மாடியில் குடியிருக்கிறார் என்று பங்கு அறிந்துகொள்வதே அந்தச் சில இரவுகளில்தான். ஒரு டிரம், ஒரு கிட்டார், உண்டியல், முன்னால் தாத்தா. இளைஞர் ஒருவர் பெரிய தாத்தாவாகவும், அவர் கைப்பிடித்து ஒரு சிறுவன் குட்டித் தாத்தாவாகவும் வருவது எங்கள் ஊர் வழக்கம். குட்டித் தாத்தா ஆடினால் உண்டியலில் நூறு ரூபாய் கூடுதலாக விழும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. அந்தப் பணம் கிறிஸ்து பிறப்பு விழாவன்று ஏழைக் குடும்பங்களுக்குச் சேலையாகவும் அரிசியாகவும் போய்ச் சேரும்.

எங்கள் மகன் இந்தப் பவனியிலேயே வளர்ந்தான் எனலாம். நான்கு வயதில் அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய இறக்கைகளோடு வானதூதர். ஆறு வயதில் தலையில் துண்டு கட்டிய இடையன். எட்டில் ஞானி, வெள்ளைப்போளம் என்று வீட்டுச் சாம்பிராணி டப்பாவைச் சுமந்தான். ஒன்பதில் தாத்தா. அங்கியைச் சற்றுப் பெரிதாகவே தைத்து, அடியில் நான்கு விரல் மடிப்பு வைத்தோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு விரல் பிரித்து நீளம் விட்டோம். ஐந்தாம் ஆண்டு பிரிப்பதற்கு மடிப்பு மிஞ்சவில்லை. அங்கி கணுக்காலுக்கு மேலே நின்றது. அதைக் கண்ணால் கண்ட பின்னும் நாங்கள் கருத்தில் கொள்ளவில்லை.

நம் தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடினர். காப்பில் தொடங்கி, செங்கீரை, தால், சப்பாணி என நகர்ந்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றோடு முடிகிறது. பிள்ளை சிறுதேரை உருட்டி வருகிறான். புலவர் ஏட்டை மூடிவிடுகிறார். அந்தத் தேரை அவன் தெருவோரம் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் நாளுக்குப் பதினோராம் பருவம் ஒன்று ஏன் இல்லை என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. ஒருவேளை பெற்றோர் யாரும் அப்பாடலைக் கேட்க விரும்பியிருக்கமாட்டார்கள்.

ஈராண்டுகளுக்கு முன் நடந்தது இது. "அப்பா, இந்த வருஷம் நான் தாத்தா போடல. வேற யாரையாவது போடச் சொல்லுங்க" என்றான். காரணம் கேட்டோம், சொல்லவில்லை. வெட்கமா என்று கேட்டோம், அதற்கும் விடையில்லை. அப்போது எங்களில் ஒருவர் சொன்னோம்: "தங்கச்சிக்கு ஏழு வயசுதான் ஆவுது. தாத்தா வருவாருன்னு இன்னும் நம்பிக்கிட்டு இருக்கா. அவளுக்காகவாவது ஒரு வருஷம் போடு." எங்களில் யார் அதைச் சொன்னோம் என்பது இங்கு வேண்டாம். இருவரும் சொன்னதாகவே இருக்கட்டும். பாட்டி தாத்தாக்களுக்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும் என்றோம். ஆண்டவருக்குச் செய்யும் பணி என்றும் சொன்னோம். இந்தக் கடைசிச் சொல்லை இன்று நினைத்தால் நாக்கு கூசுகிறது.

அவன் அணிந்தான், ஆடினான். பவனி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை அடைந்தபோது அவன் வகுப்புத் தோழர்கள் மூவர் அங்கே நின்றிருந்ததும், ஒருவன் முகமூடியைத் தூக்கிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கத்தியதும், மற்றொருவன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்ததும் பின்வரிசையில் பாடிக்கொண்டு வந்த எங்களுக்குத் தெரியாது. வீடு திரும்பியதும் முகமூடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உறங்கச் சென்றான். அதன் உட்புறம் நனைந்திருந்தது. பிளாஸ்டிக் முகமூடிக்குள் டிசம்பர் இரவிலும் வியர்க்கும், துடைத்து வைத்தோம்.

மறுநாள் காலை சின்னவள் சொன்னாள்: "அண்ணன் அழுதுச்சும்மா. நான் பக்கத்துலதான வந்தேன்." சற்றுப் பொறுத்து, "தாத்தா அண்ணன்தான்னு எனக்குப் போன வருஷமே தெரியும். செருப்பப் பாத்தேன்" என்றாள்.

யாருக்காக அவனை வற்புறுத்தினோமோ அவளுக்கே அது தேவைப்படவில்லை. அப்படியானால் யாருக்காக? அந்தக் கேள்வியோடு அவ்வாண்டுத் திருவிழா எங்களுக்குக் கழிந்தது. நள்ளிரவுத் திருப்பலியில் பாலன் இயேசுவின் சுரூபத்தை முத்தமிடச் சென்றபோது, எப்போதும் தொட்டிலிலேயே வைத்துக் கொண்டாடத் தக்க குழந்தையாகத்தான் இவரையும் நாம் விரும்புகிறோமோ என்ற ஐயம் எழுந்தது.

செபமாலையின் மகிழ்ச்சி மறையுண்மைகளுள் ஐந்தாவது, காணாமற்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது. எத்தனை முறை அதைச் செபித்திருப்போம்! அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்று நாள் தேடிய தாய் ஆதங்கத்தோடு கேட்கிறாள். மகன் தந்தையின் இல்லத்தைச் சுட்டி விடை தருகிறார். அந்த விடை பெற்றோருக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். கண்டடைந்த மகிழ்ச்சியை நினைத்தே நாங்கள் மணிகளை உருட்டினோம். விடை விளங்காமலே நாசரேத்துக்குத் திரும்பி நடந்த இருவரையும் நினைத்துப் பார்த்ததில்லை.

குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் வழக்கம் நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. அக்டோபர் 31 இரவு மேலைநாட்டுப் பிள்ளைகள் பேய் வேடமிட்டு மிட்டாய் கேட்பதை இப்போது சென்னை நகர அடுக்குமாடிகளிலும் காண்கிறோம். அது புனிதர் அனைவர் பெருவிழாவின் முந்திய இரவு என்பதை மிட்டாய் கேட்போரும் கொடுப்போரும் மறந்துவிட்டனர். இறந்த விசுவாசிகள் அனைவரையும் நவம்பர் 2 அன்று நினைவுகூரும் வழக்கம் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடத்தலைவர் புனித ஓதிலோவால் பரவியது. இடைக்கால இங்கிலாந்தில் அந்நாள்களில் ஏழைகளும் சிறுவர்களும் வாசல்தோறும் சென்று சிறு அப்பங்கள் பெற்று, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபித்தனர். அப்பம் வாங்கிய பிள்ளை வெறுங்கையோடு நிற்கவில்லை. செபத்தைக் கொடுத்துவிட்டே சென்றது.

எந்த வயதில் நிறுத்த வேண்டும் என்பது அங்கும் ஒரு வழக்காகவே இருந்திருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துச் செசபீக் நகரில் பன்னிரண்டு வயதைக் கடந்தவர் அவ்வாறு மிட்டாய் கேட்டுச் சென்றால் சிறைத் தண்டனையும் விதிக்கலாம் என்று 1970-இல் விதி செய்தனர். 2019-இல் வயதைப் பதினான்காக்கிச் சிறையை நீக்கினர். அந்நகரத்தார் சட்டத்தால் அளந்தனர். நாங்கள் தையல் மடிப்பால் அளந்தோம். பிள்ளையைக் கேட்டு அளந்தவர் இருசாராரிலும் இல்லை.

ஜெர்மனி நாட்டுக் கத்தோலிக்கச் சிறுவர் இதில் நம் மனத்துக்கு நெருங்கியவர்கள். மூன்று ஞானிகளாக வேடமிட்டு, விண்மீன் ஏந்தி, திருக்காட்சி விழாவையொட்டி வீடுதோறும் பாடுகிறார்கள். கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் ஆசிமொழி எழுதுகிறார்கள். 1959 முதல் நாடு தழுவிய இயக்கமாக நடைபெறும் இதில் திரளும் காணிக்கை உலகெங்கும் துன்புறும் குழந்தைகளுக்குச் செல்கிறது. நம் நாட்டுக் குழந்தைகளும் அதனால் பயன் பெற்றுள்ளனர். கிரீடம் சிறியதாகிப்போன பிள்ளைகளில் பலர் சிறியவர்களை வழிநடத்தும் துணைவர்களாக உடன் நடக்கிறார்கள். வேடத்தைக் கழற்றியவனுக்கும் பவனியில் ஓர் இடம் இருக்கிறது. எங்கள் மகனுக்கு அப்படி ஓர் இடத்தை நாங்கள் எண்ணியும் பார்க்கவில்லை. தாத்தாவாக ஆடு, அல்லது வீட்டில் இரு என்பதே எங்கள் நிலையாயிருந்தது.

பவுலடியார் குழந்தைக்குரியவற்றை விட்டுவிட்டதாகக் கொரிந்தியருக்கு எழுதியது எங்கே என்று தேடினோம். முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தில், அன்பைப் பற்றியே பேசும் பகுதியின் நடுவில் இருந்தது. திருமண வீடுகளில் அடிக்கடி வாசிக்கப்படும் அதே அதிகாரம். அந்த வரியை நாங்கள் அங்கே கேட்டதாகவே நினைவில்லை.

சென்ற ஆண்டு பெட்டியை இறக்கியபோது நாங்கள் எதுவும் பேசவில்லை. அவனே அங்கியை எடுத்தான், உதறினான், பங்கில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். "நான் டிரம் அடிக்கறேன்பா. அண்ணன்களக் கேட்டுட்டேன்" என்றான். கேட்டுக்கொண்ட பின்பே எங்களிடம் சொன்னான் என்பதை, அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, விழுங்கிக்கொண்டோம்.

கடைசி இரவு பவனி வல்லம் பக்கம் சென்றது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பணியாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெண் தொழிலாளர்க்கு அது பெரும் ஆறுதல். ஆயினும் வடநாட்டிலிருந்து வந்த இளைஞர் பலர் இன்னும் சுற்றுப்புற ஊர்களின் லைன் வீடுகளில், ஓர் அறையில் ஐவர் அறுவராகவே தங்குகின்றனர். அப்படி ஒரு லைன் வீட்டு வாசலில் சிலுவையும் காகித விண்மீனும் தொங்கின. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆதிவாசி இளைஞர்கள். 1885-இல் சோட்டா நாக்பூருக்கு வந்து, பழங்குடி மக்களின் நிலவழக்குகளில் துணைநின்ற இயேசு சபை அருள்தந்தை கான்ஸ்டன்ட் லீவன்ஸ் விதைத்த விசுவாசம் ஒரகடத்துக்கு அருகில் தகரக் கூரையின்கீழ் வந்து நின்றது. எங்கள் பாட்டு அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் மெட்டு தெரிந்திருந்தது. தங்கள் சாத்ரி மொழியில் உடன் பாடினார்கள்.

குட்டித் தாத்தா அதற்குள் உறங்கிவிட, அவன் தாயார் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தார். அங்கியும் முகமூடியும் எங்கள் மகனின் தோள்பையில் இருந்தன. சிவப்புத் துணி வெளியே தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர், இரண்டாம் ஷிப்டு முடித்துச் சீருடையோடு அப்போதுதான் வந்தவர், அதைச் சுட்டிக் காட்டிக் கையால் கேட்டார். மகன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்துக் கொடுத்தான்.

அங்கி அவருக்கு முழங்கால் வரைதான் இருந்தது. கை நுழைந்தது, தோள் நுழையவில்லை. போர்வைபோல் முதுகில் போட்டுக்கொண்டு முகமூடியை மாட்டினார். தோழர்கள் கைகோத்து வரிசையாக நின்றார்கள். ஒருவர் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தாளம் தொடங்கினார். எங்கள் மகன் சற்று நேரம் கேட்டுவிட்டு, அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு டிரம்மில் சேர்ந்தான். முன்னே மூன்று அடி, பின்னே இரண்டு அடியாக அந்த வரிசை சந்து முழுவதும் அசைந்தது. மாடிகளில் விளக்குகள் எரிந்தன. உண்டியல் நீட்ட யாருக்கும் நினைவு வரவில்லை.

ஆடி முடித்தவர் முகமூடியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தபோது அதன் உட்புறம் நனைந்திருந்தது. அவர் கண்களும் நனைந்திருந்தனவா என்று அந்தச் சந்தின் வெளிச்சத்தில் எங்களுக்குத் தெரியவில்லை. மகன் அதைத் தன் சட்டை நுனியால் துடைத்தான். பையில் போடாமல், வீடு வரும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தான்.